எட்டு நகல்களும் ஒரு சின்ன ஏரியும்

ஒரு ஃபைல் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போய்ச் சேர்வதற்குள் எட்டு முறை நகல் எடுக்கப்படுகிறது என்று என் மகள் சொன்னபோது நான் மூன்றாவது இட்லியில் இருந்தேன். வழக்கமாக நான்கு சாப்பிடுவேன். அன்று மூன்றோடு எழுந்துவிட்டேன். எனக்கு எழுபத்து நான்கு வயது. நகல் என்ற சொல்லைக் கேட்டால் இப்போதும் வலது கட்டைவிரல் வலிக்கிறது.

"எட்டு தடவையா? யாரு எடுக்கறா?" என்று கேட்டேன்.

"யாரும் எடுக்கறதில்லப்பா. மிஷினுக்குள்ளயே நடக்குது. டிஸ்க்ல இருந்து மெமரிக்கு ஒண்ணு. அங்கிருந்து நம்ம புரோகிராம் வெச்சிருக்கற இடத்துக்கு ஒண்ணு. அங்கிருந்து நெட்வொர்க் வேலை பாக்கற இடத்துக்கு ஒண்ணு. அங்கிருந்து லைன்ல அனுப்பற கார்டுக்கு ஒண்ணு. நாலு ஆச்சா? வாங்கிக்கற மிஷின்ல இதே நாலு, தலைகீழா."

"ஒரே மிஷினுக்குள்ள எதுக்கு நாலு?"

"ஒவ்வொருத்தருக்கும் அவங்க இடத்துல அவங்களுக்குன்னு ஒரு பிரதி இருக்கணும். அடுத்தவங்களுதைத் தொடக் கூடாது. பத்திரத்துக்குத்தான்."

"அது என்ன மிஷினா, எங்க ஆபீஸா?"

சமையலறையிலிருந்து என் மனைவி சிரித்தாள். மகள் சிரிக்கவில்லை. அவள் அப்போது மூன்று வாரமாகவே சிரிப்பதைக் குறைத்திருந்தாள்.

நாங்கள் வேங்கிக்காலில், கலெக்டர் அலுவலகத்துக்குப் பின்னால் புதிதாக வந்த தெருக்களில் ஒன்றில் இருக்கிறோம். மகளுக்கு நாற்பத்து மூன்று வயது. இரண்டு வருடத்துக்கு முன்பு எங்களோடு வந்து தங்கி, மாடி அறையில் உட்கார்ந்தே வேலை பார்க்கிறாள். மாடிக்குப் பதினேழு படிகள். அவள் வேலை என்னவென்று எனக்குப் புரிய நாளாயிற்று. புரிந்த அளவில் சொல்கிறேன்.

கிளஸ்டர் என்று ஒன்று இருக்கிறது. பெரிய அறையில் நூற்றுக்கணக்கான கணினிகளை அடுக்கி, கம்பியால் பிணைத்து, ஒரே கணக்கை எல்லாமாகப் பங்கு போட்டுக்கொண்டு செய்வது. ஓர் ஊரில் இருக்கும் கிளஸ்டர் அடுத்த நாள் எங்கே எவ்வளவு மழை பெய்யும் என்று கணக்குப் போடுகிறது. காலை ஒன்பது மணிக்கு விடை தயார். அந்த விடைதான் ஃபைல், மிகப் பெரியது. இன்னோர் ஊரில் இருக்கும் கிளஸ்டர் அதை வாங்கி, எந்த ஏரியில் எத்தனை அடி தண்ணீர் ஏறும் என்று ஏரி ஏரியாகக் கணக்குப் போடுகிறது. அது பகல் பன்னிரண்டுக்குத் தொடங்கினால் மாலை ஐந்து மணிக்கு ஏரிக்கரையில் இருப்பவர்களின் கைப்பேசிக்குத் தகவல் போய்விடும். வெளிச்சம் இருக்கும்போதே மதகைத் திறக்கலாம். ஆனால் ஃபைல் போய்ச் சேர ஐந்தரை மணி நேரம் ஆகிக்கொண்டிருந்தது. ஒன்பதுக்குக் கிளம்பினால் மதியம் இரண்டரை. தகவல் போகும்போது இருட்டிவிடும்.

லைன் மெதுவாக இருப்பதால்தான் இவ்வளவு நேரம் ஆகிறது என்று எல்லோரும் சொன்னார்கள். இல்லை, லைன் பாதி நேரம் சும்மா இருக்கிறது, இரண்டு பக்கத்து மிஷின்களும் உள்ளுக்குள் நகல் எடுத்துக்கொண்டிருப்பதில்தான் நேரம் போகிறது என்று என் மகள் சொன்னாள். நகலைக் குறைத்துக் காட்டுகிறேன் என்று பொறுப்பெடுத்துக்கொண்டாள். ஐப்பசிப் பௌர்ணமி வரை அவளுக்கு அவகாசம். அதற்குள் பன்னிரண்டு மணிக்கு முன்னால் ஃபைல் போய்ச் சேராவிட்டால் ஃபைலைச் சுருக்கிவிடுவார்கள். பட்டியலில் அறுநூற்று நாற்பது ஏரிகள். அதில் சின்ன ஏரிகள் இருநூற்றுப் பதினொன்றை எடுத்துவிடுவது என்று முடிவு. எடுக்கப்போகிற வரிசையை அவள் திரையில் காட்டினாள். நூற்று நாற்பத்தாறாவதாக எங்கள் ஏரி இருந்தது.

எங்கள் ஏரி என்று நான் சொல்வது அடி அண்ணாமலையைத் தாண்டி உள்ளே தள்ளி இருக்கும் ஒரு சின்ன ஏரி. கரையில் நடந்தால் ஆயிரத்து நூற்று நாற்பது காலடி. அங்கே எனக்கு ஒரு சென்ட் நிலம் கிடையாது. ஒரு காலைப்பொழுது மட்டும் இருக்கிறது.

முப்பத்தாறு வருடத்துக்கு முன்பு நான் ஏரிகளின் நீர்மட்டத்தைப் பதிவு செய்யும் ஓர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்தேன். மழைக்காலத்தில் காலை ஆறு மணிக்கு சைக்கிளில் போய் அந்த ஏரியின் அளவுக்கல்லைப் பார்த்து, சட்டைப்பையில் இருக்கும் சிறு நோட்டில் பென்சிலால் குறித்துக்கொள்வேன். அலுவலகத்துக்கு வந்து அதைத் தினத்தாளில் எழுதுவேன். தினத்தாளிலிருந்து பதிவேட்டுக்கு. பதிவேட்டிலிருந்து மேலதிகாரிக்குப் போகும் அறிக்கைக்கு. அறிக்கைக்கு அலுவலகப் பிரதி ஒன்று. ஆக ஓர் எண்ணை ஐந்து முறை எழுத வேண்டும். எழுதியதோடு முடியாது. ஒவ்வொரு நகலுக்கும் ஒப்புப் பார்க்க வேண்டும். ஒருவர் மூலத்தை வாசிக்க இன்னொருவர் நகலில் டிக் போட்டுக்கொண்டே வருவார். கடைசியில் 'ஒப்பிடப்பட்டது' என்று எழுதி இருவரும் சுருக்கொப்பம் போடுவோம். என்னோடு இருபத்தொன்பது வருடம் ஒப்புப் பார்த்தவர் பக்கத்து மேசை பாய். ஒப்பு முடியாத எண்ணைத் தொலைபேசியில்கூடச் சொல்லக் கூடாது என்பது அலுவலக வழக்கம்.

அந்தக் காலையில் அளவுக்கல்லில் தண்ணீர் முந்தின நாளைவிட இரண்டரை அடி ஏறியிருந்தது. எனக்குப் பயமாக இருந்தது. பயம் இருந்ததால் இன்னும் அழகாக எழுதினேன். பாய் வாசித்தார், நான் டிக் போட்டேன். பதினொன்றரை மணி பேருந்தில் தபால் போனது. பத்தே முக்காலுக்கே கரை உடைந்திருந்தது என்று மதியம் தெரிந்தது. மனித உயிர் போகவில்லை. ஆடுகள் மூன்று. ஒன்பது குடும்பங்களின் வயலில் முழங்கால் உயரத்துக்கு மணல். யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஐந்து பிரதியிலும் எண் சரியாகவே இருந்தது.

ஆகவே எட்டு நகல் என்று மகள் சொன்னதும் நான்காவது இட்லி உள்ளே இறங்கவில்லை.

அன்றிலிருந்து நாற்பது பக்க நோட்டு ஒன்றைத் தனியாக வைத்துக்கொண்டேன். தினமும் ஒன்பது மணிக்கு ஃபைல் கிளம்பும். போய்ச் சேர்ந்ததும் மகள் மாடியிலிருந்து நேரத்தைச் சொல்லுவாள். நான் எழுதிக்கொள்வேன். முதல் நான்கு நாள் மாற்றமே இல்லை. ஐந்து மணி முப்பது நிமிடம், ஐந்து இருபத்தெட்டு, ஐந்து முப்பத்தொன்று, மறுபடியும் முப்பது.

அந்த நாட்களில் ஒரு தவறான எண்ணம் எனக்கு இருந்தது. ஃபைல் எங்கள் வீட்டு வழியாகப் போகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒன்பது மணிக்கு மேல் மிக்ஸி போட வேண்டாம் என்று மனைவியிடம் சொல்லியிருந்தேன். ஐந்தாம் நாள் பத்தரை மணிக்குக் கரண்ட் போனது. நான் பதினேழு படியையும் மூச்சு வாங்க ஏறிப் போனேன்.

"ஃபைல் பாதியில நின்னுடுச்சாம்மா?"

"எந்த ஃபைல்?"

"மழை ஃபைல். நம்ம வீட்டுல வந்து மாட்டிக்கிச்சா?"

"அப்பா, அது நம்ம வீட்டு வழியா வரலப்பா. அது அந்த ஊர்ல இருந்து நேரா அந்த ஊருக்குப் போகுது. நான் இங்க உக்காந்து போன்னு சொல்றேன், அவ்வளவுதான்."

கீழே இறங்கி வந்தால் மனைவி இடுப்பில் கை வைத்து நின்றாள். "அஞ்சு நாளா அம்மியில அரைச்சேங்க சட்னி. சொல்லுங்க, இப்ப மிக்ஸி போடலாமா, இல்ல வானிலைக்கு ஆகாதா?"

ஆறாம் நாள் மகள் ஒரு நகலை இரண்டு பக்கத்திலும் நீக்கினாள். புரோகிராம் தனக்கென்று வைத்திருந்த பிரதி அது. நான்கு மணி இருபது நிமிடம். எட்டாவது நாள் நெட்வொர்க் இடத்துப் பிரதியும் போனது. மெமரியில் எங்கே இருக்கிறதோ அங்கிருந்தே கார்டு நேராக எடுத்துக்கொள்ளும்படி செய்துவிட்டாள். எட்டு நகல் நான்கானது. மூன்று மணி ஐந்து நிமிடம். நான் நோட்டில் அந்த எண்ணுக்குக் கீழே இரண்டு கோடு போட்டேன். பன்னிரண்டு மணிக்குள் வர இன்னும் ஐந்து நிமிடம்தான் குறைய வேண்டும்.

மறுநாள் காலை அவள் சொன்னாள்: "இதுல அம்பது நிமிஷம் செக்கிங்குக்கே போகுதுப்பா. போய்ச் சேந்ததுக்கு அப்புறம் இங்க இருக்கறதையும் அங்க இருக்கறதையும் முழுசா இன்னொரு தடவை படிச்சு ஒண்ணா இருக்கான்னு பாக்குது."

"ஒப்பு."

"ஆமா, உங்க ஒப்புதான்."

நான் ஒரு வாக்கியம் சொன்னேன். முப்பத்தொரு வருடம் ஒப்பிடப்பட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவன் சொல்லக் கூடாத வாக்கியம். "நகலே எடுக்கலைன்னா எதை எதோட ஒப்பு பாக்கறது?"

"அதேதாம்ப்பா எங்க டீம்லயும் சொன்னாங்க. நடுவுல யாரும் கையே வைக்கலியே. தப்பு எங்கிருந்து வரும்?"

ஒப்பை நிறுத்தினார்கள். இரண்டு மணி பதினைந்து நிமிடம். ஒன்பதுக்குக் கிளம்பிய ஃபைல் பதினொன்றேகாலுக்குப் போய்ச் சேர்ந்தது. மகளின் மேலதிகாரி தனக்கு மேலே இருப்பவர்களுக்கு அன்றைக்கே சொல்லிவிட்டார். வீட்டில் கேசரி செய்தாள் மனைவி. முந்திரி பதினான்கு. மகள் சிரித்தாள். பௌர்ணமிக்கு ஆறு நாள் இருந்தது.

சந்தோஷத்தில் நான் ஒன்று கேட்டேன். போய்ச் சேர்ந்த ஃபைலிலிருந்து நம் மாவட்டத்து ஏரிகளை மட்டும் தாளில் எடுத்துக் கொடு, பார்க்க ஆசையாக இருக்கிறது என்றேன். அவள் எடுத்துக் கொடுத்தாள். எழுபத்தொன்பது ஏரிகள், ஃபைலில் இருக்கும் அதே எழுத்து வரிசையில். ஒவ்வொரு ஏரிக்கும் எதிரே இருபத்து நான்கு எண்கள், அடுத்த நாள் ஒவ்வொரு மணிக்கும் அங்கே எத்தனை மில்லிமீட்டர் மழை என்று. முப்பத்தொன்றாவது வரியில் எங்கள் ஏரி. பூதக்கண்ணாடி வைத்து ஒவ்வோர் எண்ணாகப் படித்தேன். பிறகு சும்மா இருக்க முடியாமல் முப்பத்திரண்டாவது வரியையும் படித்தேன். அது செங்கம் பக்கத்து ஏரி, பட்டியலில் அடுத்தது என்றாலும் தரையில் வெகு தூரம்.

இருபத்து நான்கு எண்களும் ஒன்றாகவே இருந்தன. புள்ளிக்குப் பின்னால் உள்ளதும் சேர்த்து.

என் கண்ணைச் சந்தேகப்பட்டேன். இரண்டு கண்ணிலும் புரை அறுவை ஆகியிருக்கிறது. அடிமட்டத்தை வைத்து மறைத்து மறைத்துப் படித்தேன். ஒன்றாகவே இருந்தன. இந்த மாதிரி கணக்கில் அப்படியும் வருமோ என்னவோ, இரண்டு இடத்திலும் ஒரே மழை பெய்யக் கூடாது என்று சட்டமா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மாடியில் மகள் யாரிடமோ பேசிச் சிரிக்கும் சத்தம் கேட்டது. தாளை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டேன். இரண்டு நாள் அது அங்கேயே இருந்தது. இதை எழுதும்போதும் அந்த இரண்டு நாளுக்காக வெட்கப்படுகிறேன். சொன்னால் ஒப்பு மறுபடியும் வரும். ஒப்பு வந்தால் ஐம்பது நிமிடம் கூடும். ஐம்பது கூடினால் மூன்று மணி ஐந்து நிமிடம். ஐந்து நிமிடத்தில் இருநூற்றுப் பதினொன்று ஏரிகள் பட்டியலிலிருந்து போய்விடும்.

மூன்றாம் நாள் ஷேர் ஆட்டோ பிடித்து டவுனுக்குள் பாய் வீட்டுக்குப் போனேன். பாய்க்கு என்னைவிட ஒரு வயது ஜாஸ்தி. முன்னறையில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். தாளை நீட்டினேன்.

"என்னா சார் இது?"

"ஒப்பு பாக்கணும் பாய்."

"ரிடையர் ஆகி பதினாறு வருஷம் ஆச்சு. இன்னும் என்னை ஒப்புக்குக் கூப்பிடறீங்க. எதை எதோட பாக்கறது? ஒரு தாள்தானே இருக்குது."

"ஒவ்வொரு வரியையும் அடுத்த வரியோட."

பாய் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டார். அவர் குரல் அப்படியே இருந்தது, பதிவேட்டைப் படிக்கும்போது வரும் ராகத்தோடு. "சைபர் புள்ளி நாலு. சைபர் புள்ளி ஒம்போது. ஒண்ணு புள்ளி ரெண்டு. ரெண்டு புள்ளி ஒண்ணு. சார், டிக் போடறீங்களா, தூங்கறீங்களா?"

"போடறேன், போடறேன். நிறுத்தாதீங்க."

அவர் வீட்டில் இரண்டு முறை டீ கொடுத்தார்கள். ஒரு மணி ஐம்பது நிமிடம் ஆயிற்று. முப்பத்தொன்றும் முப்பத்திரண்டும். ஐம்பத்திரண்டும் ஐம்பத்து மூன்றும். எழுபதும் எழுபத்தொன்றும். மூன்று ஜோடி. என் கண்ணில் பிழை இல்லை.

"மூணுதான். கம்மிதான்னு விட்டுடலாமா?" என்று பாய் கேட்டார். என்னைச் சோதிக்கிறார் என்று தெரிந்தது.

"ஒண்ணே ஜாஸ்தி பாய்."

"அப்புறம் என்ன. பொண்ணுகிட்ட சொல்லலையா?"

"சொன்னா அவ செஞ்சதெல்லாம் கெட்டுடும். ஒப்பு பாக்கறதை இப்ப நிறுத்திட்டாங்க."

"யாரு நிறுத்தச் சொன்னது?"

டீ கிளாஸைப் பார்த்தேன். பாய்க்கு என்னைத் தெரியும். "நீங்களா?" என்றார். பிறகு இருமல் வரும்வரை சிரித்தார். "ஒரு டிக் விட்டுப்போச்சுன்னு எங்கிட்ட எத்தனை நாள் கத்தியிருப்பீங்க. நீங்களா சார் ஒப்பு வேணாம்னு சொன்னீங்க?"

"சொல்லிட்டேன்."

சிரிப்பு நின்றதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அன்னைக்கு அந்த ஏரிக்கு நாம எழுதினது சரி, போனது லேட்டு. இப்ப சீக்கிரமா போகுது, போறது தப்பு. கரையில இருக்கறவனுக்கு ரெண்டும் ஒண்ணுதான் சார். போய்ச் சொல்லுங்க."

வீட்டுக்கு வந்து பதினேழு படி ஏறினேன். மூன்று ஜோடியையும் சிவப்பு மையில் கட்டம் போட்டிருந்தேன். மகள் தாளை வாங்கிப் பார்த்தாள். நாற்காலியைத் திருப்பி எதையோ தட்டினாள். இரண்டு ஊர் ஃபைலிலிருந்தும் எங்கள் ஏரியின் வரியை மட்டும் எடுத்துத் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். கிளம்பின இடத்தில் எங்கள் ஏரிக்கு இருந்த எண்கள் பெரியவை. மாலை நான்கு மணிக்கு எதிரே இருபத்தெட்டு. போய்ச் சேர்ந்த இடத்தில் அதே மணிக்கு மூன்று.

"இது எத்தனை நாளா உங்ககிட்ட இருக்குது?" என்று கேட்டாள்.

"மூணு நாள்."

"மூணு நாள்."

அவள் அதற்கு மேல் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

காரணத்தை அன்று மாலைக்குள் கண்டுபிடித்துவிட்டாள். சாப்பிடும்போது சாதத்தில் கோடு போட்டுக் காட்டினாள். ஃபைலில் ஒவ்வோர் ஏரிக்கும் ஒரு பொட்டலம். மெமரியில் பொட்டலம் வைக்க ஓர் இடம். முன்பெல்லாம் அந்த இடத்திலிருந்து ஒரு நகல் எடுக்கப்பட்டுவிடும். ஆகவே இடம் உடனே காலி, அடுத்த ஏரியை வைக்கலாம். இப்போது நகல் இல்லை. கார்டு அந்த இடத்திலிருந்தே நேராக எடுக்கிறது. கார்டு எடுத்து முடிப்பதற்குள் புரோகிராம் அவசரப்பட்டு அடுத்த ஏரியை அதே இடத்தில் வைத்துவிட்டால், கார்டுக்குக் கிடைப்பது அடுத்த ஏரி. முந்தின ஏரியின் பெயரில் அடுத்த ஏரியின் மழை போய்விடும். எப்போதாவதுதான் நடக்கும். அதனால்தான் எழுபத்தொன்பதில் மூன்று.

"எடுத்துக்கோன்னு கார்டுகிட்ட சொன்னாலே எடுத்தாச்சுன்னு புரோகிராம் நினைச்சுக்குது" என்றாள்.

"தபாலை பியூன் கையில குடுத்தவுடனே போய்ச் சேந்தாச்சுன்னு எழுதற மாதிரி."

"ம்" என்றாள். சாதத்தில் போட்ட கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பௌர்ணமிக்கு மூன்று நாள் இருந்தது.

மறுநாள் காலை மேலதிகாரியிடம் பேசினாள். கதவு திறந்திருந்தது, ஸ்பீக்கரும் போட்டிருந்தாள். நான் படியில், பதினோராவது படியில் நின்றேன்.

"ரெண்டேகால் மணி நேரம்னு மேல சொல்லியாச்சு மேடம்" என்றார் அவர்.

"தெரியும் சார். அது தப்பு. போய்ச் சேந்ததுல சில ஏரி மாறிப்போயிருக்குது. முழுசா செக் பண்ணினேன். அறுநூத்தி நாப்பதுல பத்தொம்பது."

"யாரு கண்டுபிடிச்சது?"

"எங்க அப்பா."

"அப்பா எங்க வேலை பாக்கறாரு?"

"அவரு ரிடையர்டு சார்."

"சரி. பழையபடி செக்கிங்கைப் போட்டா எவ்வளவு ஆகும்?"

"மூணு மணிக்கு மேல ஆகும். பழையபடி போடப்போறதில்ல. வேற வழி பாக்கறேன். பௌர்ணமி அன்னைக்கு ஓட்டிக் காட்டறேன். முடியலைன்னா சின்ன ஏரியை எடுத்துடுங்க. தப்பான நம்பர் வேணாம் சார், எந்த ஏரிக்கும்."

நான் படியில் உட்கார்ந்துவிட்டேன். அந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்ல எனக்கு அந்த வயதில் துணிவு இருந்திருக்காது. எனக்கு நேரத்தைப் பற்றிய பயம் இருந்தது, அதிகாரியைப் பற்றிய பயமும் இருந்தது. இரண்டையும் நல்ல கையெழுத்தில் மறைத்துக்கொண்டேன்.

அவள் செய்தது இதுதான். பொட்டலம் வைக்க ஓர் இடத்துக்குப் பதில் பதினாறு இடம் ஒதுக்கினாள். ஒவ்வோர் இடத்துக்கும், எடுத்து முடித்தேன் என்று கார்டு சொல்லும்வரை அங்கே எதுவும் வைக்கக் கூடாது என்று கட்டுப்பாடு. ஓர் இடம் காத்திருக்கும்போது மற்றவை வேலை செய்யும், ஆகவே லைன் சும்மா இருக்காது. ஒப்பை எல்லாம் முடிந்த பிறகு தனியாகச் செய்யாமல், பொட்டலம் போகும்போதே ஒரு கூட்டுத்தொகை போட்டு அதோடு அனுப்பும்படி செய்தாள். அந்தப் பக்கம் பொட்டலம் இறங்கும்போதே அதே கூட்டலைப் போட்டுப் பார்க்கும். இரண்டும் பொருந்தாவிட்டால் அந்த ஒரு பொட்டலத்தை மட்டும் மறுபடி கேட்கும். நாங்கள் ஒருநாளும் இதை யோசிக்கவில்லை என்று பாயிடம் சொன்னபோது, "நாம யோசிச்சிருந்தா நமக்கு வேலை இருந்திருக்காது சார்" என்றார்.

பௌர்ணமி வந்தது. கோயிலில் அன்னாபிஷேகம். காலையிலிருந்தே ஊரில் கூட்டம். பேருந்துகளை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். ஒன்பது மணிக்கெல்லாம் கைப்பேசியில் யாரையும் கூப்பிட முடியவில்லை. இத்தனை லட்சம் பேர் ஒரே செல்போன் கோபுரத்தைப் பிடித்து இழுத்தால் வேறென்ன ஆகும். மகளின் அறைக்குக் கம்பி வழியே இணைப்பு இருந்தது, அதனால் அவளுக்குத் தொந்தரவு இல்லை. எனக்குத்தான் பாயைக் கூப்பிட முடியாமல் தொந்தரவு.

ஒன்பது மணிக்கு ஃபைல் கிளம்பியது. பத்து மணிவரை நான்கு முறை மாடிக்குப் போனேன். ஐந்தாவது முறை போனபோது, "அப்பா, நீங்க படி ஏறினா அது வேகமா போகாது" என்றாள். நாற்காலி போட்டு அங்கேயே உட்காரச் சொன்னாள். திரையில் ஓர் எண் ஏறிக்கொண்டிருந்தது, போய்ச் சேர்ந்து ஒப்பு முடிந்த ஏரிகளின் எண்ணிக்கை. நூற்று எண்பது. இருநூற்று இருபது. அதற்குப் பக்கத்தில் இன்னோர் எண், பொருந்தாமல் மறுபடி கேட்கப்பட்டவை. அது பூஜ்யத்திலேயே நின்றது. பதினொன்று பத்துக்கு அது ஒன்றானது. நான் எழுந்துவிட்டேன்.

"உக்காருங்கப்பா. ஒண்ணு பொருந்தல, திருப்பிக் கேக்குது. அதுக்குத்தானே போட்டது."

அந்த ஒன்று திரும்ப வந்து சேர்ந்தது. கீழே மனைவி மிக்ஸி போட்டாள். நான் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பதினொன்று நாற்பதுக்கு அறுநூற்று நாற்பது. இரண்டு மணி நாற்பது நிமிடம். பன்னிரண்டுக்கு இருபது நிமிடம் மிச்சம்.

மகள் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்துத் திரையில் மேலதிகாரியின் பதில் வந்தது. பட்டியல் அப்படியே இருக்கட்டும், தினமும் இப்படியே ஓட்டுங்கள் என்று இரண்டு வரி. அவள் அதை எனக்கு வாசித்துக் காட்டினாள். நான் இன்னொரு முறை வாசிக்கச் சொன்னேன்.

கார்த்திகை பிறந்து நான்காம் நாள் இரவெல்லாம் மழை. காலையில் விட்டதும் ஆட்டோ வைத்துக்கொண்டு அடி அண்ணாமலை தாண்டிப் போனேன். மகள் முந்தின நாள் ஏரிக் கணக்கிலிருந்து எங்கள் ஏரியின் வரியை, அன்றைய நீர்மட்டத்தையும் சேர்த்து, எழுதிக் கொடுத்திருந்தாள். ஏரிக்கரை வழுக்கியது. மதகுக்குப் பக்கத்தில் லுங்கியை மடித்துக் கட்டிய ஒருவர் நின்றிருந்தார். நாற்பது வயது இருக்கும். மதகு ஒரு சாண் திறந்திருந்தது, தண்ணீர் கால்வாயில் சீராக ஓடிக்கொண்டிருந்தது.

"எப்பங்க தொறந்தீங்க?" என்று கேட்டேன்.

"நேத்து சாயந்திரம். அஞ்சு மணிக்கெல்லாம் போன்ல மெசேஜ் வந்துச்சு. வெளிச்சத்துலயே தொறந்து வுட்டுட்டேன். நீங்க யாருங்க பெரியவரே, ஆபீஸா?"

"ஆபீஸ்லதான் இருந்தேன். ரொம்ப நாள் முன்னாடி."

"அதான் நோட்டும் கையுமா வந்திருக்கீங்க."

"அந்த மெசேஜ் இன்னும் இருக்குதா? கொஞ்சம் வாசிக்கிறீங்களா?"

அவர் சந்தேகமாகப் பார்த்தபடி லுங்கி மடிப்பிலிருந்து கைப்பேசியை எடுத்தார். அதில் மூன்று எண்கள் இருந்தன. எத்தனை அடி ஏறும், எத்தனை மணிக்குள், மதகை எவ்வளவு திறக்க வேண்டும். அவர் ஒவ்வொன்றாக வாசித்தார். நான் நோட்டில் மகள் எழுதிக் கொடுத்ததற்கு எதிரே டிக் போட்டேன். மூன்றும் பொருந்தின.

"எதுக்குங்க இது?" என்றார்.

ஒப்பு என்று சொன்னேன். அவருக்குப் புரிந்த மாதிரி தெரியவில்லை. "சரி, கால் வழுக்கும், பாத்துப் போங்க" என்று சொல்லிவிட்டு மதகுப் பக்கம் திரும்பினார். நான் அளவுக்கல்லருகே இறங்கி உட்கார்ந்து பார்த்தேன். புதுக்கல், எண்கள் தெளிவாக இருந்தன. முந்தின நாளைவிட அரை அடிதான் ஏறியிருந்தது. பென்சிலால் ஒரு முறை எழுதிக்கொண்டேன்.